கிட்னி கோளாறு உள்ளவர்கள் கீரை சாப்பிடலாமா? வைட்டமின் 'கே' சொல்லும் கணக்கு

அரை ஏக்கரில் கீரை. அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை என்று மாற்றி மாற்றி விதைத்து, விடியும் முன்னே அறுத்துக் கட்டி, ஏழு மணிக்குள் சந்தையில் இறக்கிவிடுகிற குடும்பம். அந்த வீட்டுப் பெரியவருக்கு வயது 66. சர்க்கரை நோய் பதினைந்து வருடமாக இருக்கிறது. சமீபத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியேட்டினின் 2.4 என்று வந்திருக்கிறது. கீரையைக் குறையுங்கள், இளநீர் தொடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். பேரன் கைப்பேசியில் வந்த வீடியோ வேறு மாதிரி சொல்கிறது. வைட்டமின் கே குறைவதால்தான் கிட்னி கெடுகிறதாம், தினமும் பச்சைக் கீரைச் சாறு ஒரு டம்ளர் குடித்தால் கிரியேட்டினின் இறங்கிவிடுமாம். ஊருக்கெல்லாம் கீரை விற்கிறோம், எங்கள் அப்பா சாப்பிடலாமா கூடாதா என்று அந்த வீட்டு மகன் நம் கேள்வி பகுதிக்கு எழுதியிருக்கிறார்.

இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை இது. மருத்துவர் சொன்னதில் காரணம் இருக்கிறது. வீடியோவில் சொல்வதிலும் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. ஆனால் அந்தத் துண்டை நம்பி ஒரு டம்ளர் சாறு குடித்தால், இந்தப் பெரியவரின் நிலையில் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் வைட்டமின் கே என்பது என்ன என்று பார்க்க வேண்டும். அந்தக் கதை கோழியிலும் மாட்டிலும்தான் தொடங்குகிறது.

கோழியும் கிடேரியும்

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஹென்ரிக் டாம் என்ற ஆராய்ச்சியாளர் 1929 வாக்கில் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பு முழுவதும் நீக்கிய தீவனம் கொடுத்துப் பார்த்தார். அவர் தேடியது கொலஸ்ட்ரால் பற்றிய ஒரு விடை. கிடைத்ததோ வேறு. குஞ்சுகளுக்குத் தோலுக்கடியில் ரத்தம் கசிந்தது, சிறு கீறல் பட்டாலும் ரத்தம் உறையவில்லை. கொழுப்போடு சேர்ந்து வருகிற ஏதோ ஒரு சத்து போய்விட்டது என்று அவர் புரிந்துகொண்டார். 1935-இல் அதற்கு வைட்டமின் கே என்று பெயர் வைத்தார். டேனிஷ், ஜெர்மன் மொழிகளில் ரத்தம் உறைதலுக்கு உள்ள சொல் 'கே' எழுத்தில்தான் தொடங்கும். பிறகு அமெரிக்காவின் எட்வர்ட் டாய்சி இந்த வைட்டமினைப் பிரித்தெடுத்தார். ஒரு வகை குதிரைமசாலில் கிடைத்தது, இன்னொரு வகை அழுகிய மீன்தூளில். பச்சை இலையில் இருப்பதை கே1 என்றும், பாக்டீரியா உண்டாக்குவதை கே2 என்றும் இன்று சொல்கிறோம். 1943-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இந்த இருவருக்கும் கிடைத்தது.

மாட்டுக் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1920-களில் கனடாவிலும் வட அமெரிக்காவிலும் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. கொம்பு சீவினால்கூட ரத்தம் நிற்காது. ஸ்வீட் குளோவர் என்ற தீவனப்பயிரை அறுத்துப் போர் போட்டு, அது ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த பிறகு தின்ற மாடுகளுக்குத்தான் இப்படி ஆகிறது என்பதைக் கால்நடை மருத்துவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். எந்த நஞ்சு என்று மட்டும் தெரியவில்லை. 1933 பிப்ரவரியில் கடும் பனிப்புயலில் ஒரு விவசாயி செத்த கிடேரியையும், உறையாத ரத்தம் நிறைந்த ஒரு பால் கேனையும், அந்தக் கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே இருந்தவர் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியர். அந்தத் தீவனத்தை நிறுத்துங்கள் என்பதைத் தவிர அன்று அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. ஆறு வருடம் கழித்து, 1939-இல், அந்த நஞ்சை அவருடைய ஆய்வுக்கூடம் தனியே பிரித்தது. அது வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கும் ஒரு பொருள்.

அதே வழியில் போய் அவர்கள் உருவாக்கியதுதான் வார்ஃபரின். 1948-இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தாக அனுமதி கிடைத்தது. மறு வருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கே அதைக் கொடுத்தார்கள். இன்று நெல் வயலில் எலிக்கு வைக்கும் புரோமாடியலோன் கட்டியும் இதே குடும்பம்தான். வரப்பில் கிடந்த கட்டியையோ அதைத் தின்று செத்த எலியையோ நாய் தின்றுவிட்டால், இரண்டு மூன்று நாள் கழித்து மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வருவது இதனால்தான். அதற்கு முறிவு மருந்து வைட்டமின் கே1. பசை வடிவில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் எலி மருந்து முற்றிலும் வேறு நஞ்சு, அதற்கு இந்த முறிவு வேலை செய்யாது.

ரத்தம் உறைய வைப்பது மட்டுமே இந்த வைட்டமினின் வேலை என்று நாற்பது வருடத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிறந்த குழந்தைக்குத் தொடையில் போடும் ஊசிகூட அதற்காகத்தான். தாய்ப்பாலில் வைட்டமின் கே குறைவு, குழந்தையின் குடலில் பாக்டீரியாவும் இன்னும் குடியேறியிருக்காது. சிறுநீரகத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு பிறகுதான் தெரிய வந்தது.

சொட்டுநீர்க் குழாயில் உப்பு

உவர்ப்பான போர் தண்ணீரில் சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது தெரியும். இரண்டு வருடம் போனால் பக்கவாட்டுக் குழாயில் வெள்ளையாக உப்பு படியும், சொட்டுவான் அடைக்கும், ஆசிட் விட்டுக் கழுவ வேண்டும். மனித உடம்பிலும் ரத்தக் குழாயின் சுவரில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து இப்படிப் படிவது உண்டு. ஒரு வித்தியாசம், குழாயின் உள்பக்கம் மட்டுமல்ல, சுவரின் தசைக்குள்ளேயே படிகிறது. தசை எலும்பு மாதிரி ஆகிறது. விரிந்து சுருங்க வேண்டிய குழாய் விறைத்துப் போகிறது.

ரத்தத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் எல்லோருக்கும் இருக்கிறது. அப்படியிருந்தும் எல்லோருக்கும் குழாய் கல்லாகாமல் இருப்பதற்குக் காவல்காரர்கள் உண்டு. அவர்களில் முக்கியமானது எம்.ஜி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு புரதம். 1980-களில் எலும்பில் கண்டுபிடித்தார்கள். ரத்தக் குழாய் தசைகளும் அதைச் சுரக்கின்றன. 1997-இல் இந்தப் புரதம் இல்லாத எலிகளை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிப் பார்த்தார்கள். இரண்டே மாதத்துக்குள் பெருந்தமனி சுண்ணாம்பாகி வெடித்து எல்லாம் செத்தன.

இந்தப் புரதம் சுரந்தவுடனே வேலைக்கு ஆகாது. கால்சியத்தைப் பிடிக்க அதற்குக் கொக்கி வேண்டும். அந்தக் கொக்கியை மாட்டிவிடுவது வைட்டமின் கே. அது போதாமல் போனால் கொக்கி இல்லாத புரதம் ரத்தத்தில் சும்மா சுற்றும். அதை அளந்து பார்க்க இப்போது பரிசோதனை இருக்கிறது. அளவு கூடினால் உடம்பில் வைட்டமின் கே பற்றாக்குறை என்று அர்த்தம்.

சிறுநீரக நோயாளிகளிடம் இதை அளந்தபோது தெரிந்தது இதுதான். 2010-இல் பிரான்சில் நடந்த ஆய்வில், சிறுநீரகத்தின் செயல்திறன் படிப்படியாகக் குறையக் குறைய, கொக்கி மாட்டாத புரதம் ஏறிக்கொண்டே போனது. டயாலிசிஸ் செய்பவர்களிடம் மிக அதிகம். பிறகு பெல்ஜியத்தில், நோய் எதுவும் தேடி வராத சாதாரண மக்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். யாருக்கு இந்த அளவு அதிகமாக இருந்ததோ அவர்களுக்குப் பின்னாளில் சிறுநீரகத் திறன் கூடுதலாகக் குறைந்திருந்தது.

வீடியோக்காரர்கள் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். ஆனால் இங்கே ஒரு கேள்வி நிற்கிறது. வைட்டமின் குறைந்ததால் சிறுநீரகம் கெட்டதா, சிறுநீரகம் கெட்டதால் வைட்டமின் குறைந்ததா?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. விறைத்துப்போன குழாய் வழியாக ரத்தம் அடித்துக்கொண்டு வந்தால், அந்த அதிர்ச்சி நேரே இந்த மெல்லிய வடிகட்டிகளில் போய் விழுகிறது. அப்படிப் பார்த்தால் வைட்டமின் குறைவு முதலில். மறுபக்கம், சிறுநீரகம் பழுதானவருக்கு வாய்க்குச் சாப்பாடு பிடிக்காது, கீரை வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள், பாஸ்பரஸைக் குறைக்கக் கொடுக்கும் சில மாத்திரைகள் குடலிலேயே இந்த வைட்டமினையும் பிடித்துக்கொள்ளும், அடிக்கடி கொடுக்கும் ஆன்டிபயாடிக் குடல் பாக்டீரியாவைக் கொல்லும். அப்படிப் பார்த்தால் நோய் முதலில். வயல் வாடுகிறது, வேரில் பூச்சியும் இருக்கிறது என்றால் பூச்சியால் வாடியதா, வாடியதால் பூச்சி வந்ததா என்று சொல்ல மருந்து அடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது அல்லவா? அதையும் செய்து பார்த்தார்கள்.

மாத்திரை கொடுத்துப் பார்த்த கணக்கு

2012-இல் ஜெர்மனியில் டயாலிசிஸ் செய்யும் 53 பேருக்கு ஆறு வாரம் கே2 கொடுத்தார்கள். கொக்கி மாட்டாத புரதம் நன்றாகக் குறைந்தது. அளவு கூட்டக் கூட்ட அதிகமாகக் குறைந்தது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது.

அதோடு நின்றிருந்தால் வீடியோ சொல்வது சரி. ஆனால் ரத்தத்தில் ஒரு எண் குறைவது வேறு, ஆளுக்கு நன்மை நடப்பது வேறு. 2020-இல் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சிறுநீரகத் திறன் பாதிக்கும் கீழே போன 159 பேரை எடுத்து, ஒரு பாதிக்குத் தினம் 400 மைக்ரோகிராம் கே2, மறுபாதிக்கு வெறும் மாத்திரை என்று ஒரு வருடம் கொடுத்தார்கள். தமனி விறைப்பில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. அதே வருடம் வெளிவந்த பெல்ஜிய ஆய்வில் டயாலிசிஸில் இருந்த 132 பேர் இருந்தார்கள். அதில் ஒரு பிரிவுக்கு மிக அதிக அளவில் கே2 கொடுத்தும் இதயக் குழாய்களில் சுண்ணாம்பு படிவது குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. வைட்டமின் கே கொடுத்துப் பழுதான சிறுநீரகத்தைத் திருப்பிவிட்டோம் என்று நிரூபித்த ஆய்வு எதுவும் இல்லை.

படிந்த உப்பு படிந்ததுதான் என்று வைத்துக்கொள்ளலாம். சொட்டுநீர்க் குழாய்க்கு ஆசிட் இருக்கிறது, தமனிக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே கிரியேட்டினினை இறக்கும் மருந்தாக வைட்டமின் கே-யை நம்புவதற்கு ஆதாரம் கிடையாது. அதற்காக அது தேவையே இல்லை என்றும் ஆகாது. உடம்புக்குப் பற்றாக்குறை வராமல் பார்த்துக்கொள்வது வேறு, மருந்தாக அள்ளிக் குடிப்பது வேறு.

மருத்துவர் ஏன் கீரையைக் குறைக்கச் சொன்னார்?

காரணம் வைட்டமின் கே இல்லை, பொட்டாசியம். 66 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 2.4 என்றால் வடிகட்டும் திறன் முப்பதுக்குச் சற்றுக் கீழே. நல்ல சிறுநீரகம் மிஞ்சிய பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். இந்த நிலையில் உள்ளவருக்கு அது ரத்தத்திலேயே தங்கும். ரத்தத்தில் பொட்டாசியம் 5-ஐத் தாண்டி ஏறத் தொடங்கினால் கவனம் வேண்டும். 6, 6.5 என்று போனால் இதயத் துடிப்பு தடம் மாறி, முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோகலாம். பிரஷருக்குக் கொடுக்கும் டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு நல்லவைதான், ஆனால் அவையும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். இளநீரை நிறுத்தச் சொன்னதும் இதற்காகவே.

சாறு பிழிவதில் இரண்டு கேடு. ஒரு டம்ளர் சாறுக்கு இரண்டு கட்டுக் கீரை போகும். சமைத்தால் யாரும் ஒரே வேளையில் இவ்வளவு சாப்பிட மாட்டார்கள். அதன் பொட்டாசியம் முழுவதும் டம்ளருக்குள் வந்துவிடும். கூடவே ஆக்சலேட் என்ற உப்பு. பாலக், தண்டுக்கீரை வகைகளில் அது அதிகம். பச்சைச் சாறாகத் தினமும் குடித்தவர்களுக்கு ஆக்சலேட் சிறுநீரகத்திலேயே படிகமாகி, இருந்த திறனும் போய் டயாலிசிஸ் வரை போன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. கிட்னியைக் காப்பாற்றக் குடித்த சாறு கிட்னியையே எடுத்துக்கொண்ட கதை.

கைப்பிடிக் கணக்கு

இனிதான் கீரை போடும் குடும்பத்துக்குச் சந்தோஷமான செய்தி. அமெரிக்க அட்டவணைப்படி ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு 120 மைக்ரோகிராம் வைட்டமின் கே போதும், பெண்ணுக்கு 90. அந்நாட்டு வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் 100 கிராம் பச்சைத் தண்டுக்கீரை இனத்தில் சுமார் 1,140 மைக்ரோகிராம் இருக்கிறது. பாலக்கில் சுமார் 480, கொத்தமல்லித் தழையில் சுமார் 310, முட்டைக்கோஸில் சுமார் 75. மண்ணுக்கும் ரகத்துக்கும் ஏற்ப இது ஏறி இறங்கும். பாதியாகவே வைத்துக் கணக்குப் போட்டாலும், 20 கிராம் தண்டுக்கீரை, அதாவது சமைத்தால் ஒரு கரண்டிக்கும் குறைவு, ஒரு நாள் தேவையை ஏறக்குறைய எட்டிவிடுகிறது.

அந்த 20 கிராமில் பொட்டாசியம் எவ்வளவு? 100 கிராமில் 600 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே. 20 கிராமில் 120-ஐ ஒட்டி. ஒரு நேந்திரம்பழத்தில் இதைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். அந்த 120-ஐயும் குறைக்க வழி உண்டு. கீரையைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியமும் ஆக்சலேட்டில் கரையும் பகுதியும் தண்ணீரோடு போய்விடும். வைட்டமின் கே தண்ணீரில் கரையாது, சூட்டுக்கும் எளிதில் அழியாது. அது கீரையிலேயே தங்கும். வடித்த தண்ணீரைச் சத்து என்று நினைத்து ரசத்திலோ சூப்பிலோ ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். நல்ல உடம்புக்கு அது சரி. கிட்னி நோயாளிக்கு அந்தத் தண்ணீர்தான் கூடாது.

வடித்த கீரையை எண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம் தாளித்துப் பிரட்டிக் கொடுத்தால் போதும். எண்ணெய் இங்கே ருசிக்கு மட்டும் இல்லை. இந்த வைட்டமின் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் ஏறும். எண்ணெயே இல்லாமல் வெறும் கீரையாகச் சாப்பிட்டால் பெரும்பகுதி வீணாகும். டாம் வளர்த்த கோழிக்குஞ்சுகள் நினைவிருக்கும். கீரையோடு பருப்பு போட்டுக் கடைவதானால் பருப்பின் அளவை மருத்துவர் சொன்னதற்குள் வைக்க வேண்டும்.

கீரையே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லப்பட்டவருக்கு முட்டைக்கோஸ் இருக்கிறது. 100 கிராமில் பொட்டாசியம் 170 மில்லிகிராம்தான், தண்டுக்கீரையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு நாள் வைட்டமின் தேவையில் பாதிக்கு மேல் அதிலேயே கிடைத்துவிடும். பீன்ஸும் கிட்டத்தட்ட இதே ரகம். மேலே தூவும் ஒரு சிட்டிகை கொத்தமல்லித் தழை, ஐந்து கிராம் என்றாலும் 15 மைக்ரோகிராம். கே2 வகை முட்டை மஞ்சள் கருவிலும், புளித்த உணவுகள் சிலவற்றிலும் உண்டு. ஜப்பானியர் சாப்பிடும் நாட்டோ என்ற புளித்த சோயாவில்தான் மிக அதிகம்.

மாட்டுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை, அதன் முதல் வயிற்றில் பாக்டீரியாவே வேண்டிய கே2-ஐச் செய்து கொடுத்துவிடும். கோழி வளர்ப்பவர்கள் மட்டும் ஒன்று கவனிக்கலாம். ரத்தக் கழிச்சலுக்குச் சல்ஃபாகுவினாக்சலின் மருந்து அதிக நாள் கொடுத்தால் அதுவும் வைட்டமின் கே-யைத் தடுக்கும். கழிச்சல் நின்ற பிறகும் ரத்தம் கசிந்தால் நோய் திரும்பியது என்று மேலும் அதே மருந்தைக் கொடுக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தீவனத்தில் கலக்கும் வைட்டமின் கே பவுடர் கே3 என்ற செயற்கை வகை. அது மனிதருக்கு ஆகாது.

வால்வு மாற்றியவர் வீட்டில் இருந்தால்

இதய வால்வு மாற்றி வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் கிராமங்களில் நிறையப் பேர். இந்த மருந்து வேலை செய்வதே வைட்டமின் கே-யைத் தடுத்துத்தான். இவர்கள் கடையில் வைட்டமின் கே மாத்திரை வாங்கிப் போட்டால் வால்வில் ரத்தம் உறைந்துவிடும். கீரையை முழுதாக நிறுத்திவிட்டால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் தப்பு. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு கீரை சாப்பிட்டு, அதற்கேற்ப ஐ.என்.ஆர். பார்த்து மருந்தளவை மருத்துவர் வைப்பதுதான் முறை. ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு, அறுவடைச் சமயத்தில் தினமும் கீரை என்று மாற்றும்போதுதான் கணக்கு கெடுகிறது.

வால்வும் மாற்றி, கிட்னியும் பழுதானவருக்கு இக்கட்டு அதிகம். மருந்து அளவு மீறி ஐ.என்.ஆர். 3-ஐத் தாண்டினால் சிறுநீரக நுண்குழாய்களில் ரத்த அணுக்கள் அடைத்துத் திடீரென்று கிரியேட்டினின் ஏறுவதை அமெரிக்காவின் ஒஹையோ மாநில மருத்துவர்கள் 2011-இல் விரிவாகப் பதிவு செய்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. உலோக வால்வு வைத்தவருக்கு இதற்கு மாற்று இன்னும் வரவில்லை. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாமல் இருப்பதே பாதுகாப்பு.

இன்னொரு மாத்திரை இப்போது மருந்துக்கடைகளில் அதிகம் புழங்குகிறது. கால்சியம், டி3, கே2-7 மூன்றும் சேர்ந்து வருவது. மூட்டு வலிக்கு என்று யாரோ சொல்ல வாங்கிச் சாப்பிடுவார்கள். பாஸ்பேட் ஏற்கெனவே ஏறியிருக்கும் கிட்னி நோயாளிக்கு அந்தக் கால்சியம் எங்கே போய்ப் படியும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. அதிலுள்ள கே2 அதைத் தடுக்கும் என்று நம்பிச் சாப்பிட மேலே சொன்ன ஆய்வுகள் இடம் தரவில்லை.

உண்மையில் எது கெடுக்கிறது?

வைட்டமின் பேச்சில் பெரிய காரணங்கள் மறைந்துவிடக் கூடாது. நம் பக்கத்தில் சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முன்னே நிற்பவை கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். அடுத்து வலி மாத்திரை. நாற்று நட்டு, கரும்பு வெட்டி இடுப்பு நோகும்போது டைக்ளோஃபெனாக் ஒன்று போட்டுக்கொண்டு மறுநாளும் வெயிலில் இறங்குவது பழக்கமாகிவிட்டது. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தையே சுருக்கிவிடும். நாட்டு மருந்திலும் எல்லாம் பாதுகாப்பு இல்லை. ஆடுதீண்டாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும் நஞ்சு. ஏற்கெனவே திறன் குறைந்தவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது, விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும்.

சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை, ஆனாலும் கிட்னி போகிறது என்ற நிலை விவசாயக் கூலி வேலை செய்பவர்களிடம் உலகின் பல இடங்களில் இருக்கிறது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதி, இலங்கையின் வடமத்திய மாகாணம், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள் இதற்குப் பேர் போனவை. 2020-இல் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள், தங்களிடம் வரும் சுற்றுவட்டாரத் தமிழக, புதுவை நோயாளிகளிடமும் இதைக் கண்டு 'தொண்டைமண்டலச் சிறுநீரக நோய்' என்றே பெயரிட்டு எழுதினார்கள். வெயிலும் நீரிழப்பும் பெரிதாகச் சந்தேகிக்கப்படுகின்றன. தண்ணீர், பூச்சிமருந்து இவையும் பட்டியலில் உள்ளன. ஒரே காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. வேலைக்கு நடுவே நிழலும் தண்ணீரும் கொடுப்பது கூலி கொடுப்பவர்கள் கையில் இருக்கிறது. பெண்கள் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் ஏழு மணி நேரம் களை எடுப்பதைப் பார்க்கிறோம். அதைச் சரிசெய்ய மருத்துவர் தேவையில்லை.

சிறுநீரகத் திறனில் பாதி போகும் வரை கிரியேட்டினின் சரியாகவே இருப்பதுபோலத் தெரியலாம். அதற்கு முன்னே காட்டிக்கொடுப்பது சிறுநீரில் இறங்கும் புரதம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைப் பார்க்கலாம். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் வருடம் ஒரு முறையாவது சிறுநீர்ப் புரதமும் ரத்தக் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். உப்புக்குப் பதில் என்று விற்கும் சோடியம் குறைந்த உப்புகளில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், பாக்கெட்டைத் திருப்பிப் படிக்காமல் வாங்க வேண்டாம். இந்துப்பும் பெரும்பாலும் சாதாரண உப்புதான்.

கேள்வி அனுப்பிய வாசகர் அப்பாவின் கிரியேட்டினினை எழுதியிருக்கிறார், பொட்டாசியத்தை எழுதவில்லை. அதே பரிசோதனைச் சீட்டில் பெரும்பாலும் அடுத்த சில வரிகளுக்குள் இருக்கும். இல்லையென்றால் அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது கேட்டு எழுதி வாங்க வேண்டும். அது 5-க்குக் கீழே இருந்தால், வடித்துத் தாளித்த கீரை ஒரு கரண்டி, வாரத்தில் எத்தனை நாள் கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் நேரே கேட்கலாம். 5-க்கு மேலே இருந்தால் இப்போதைக்கு முட்டைக்கோஸ் பொரியல். போகும்போது அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைப் பட்டைகளையும், வலி மாத்திரை, சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போகவும்.